எத்தனை பௌர்ணமியா?

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. யாரையும் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1/
திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையை ஒட்டி சின்னதா ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். நான் பொதுநல மருத்துவர். மனநல மருத்துவர் இல்லை. ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு, கிரிவலம் சுத்தினவருக்குக் கால் கொப்புளம், குரங்குக்கடி, நாய்க்கடி, சுகர், பிரஷர். இதுதான் என் தினசரி வேலை.

ஆனா கொரோனாவுக்கு அப்புறம் இன்னொரு புகாரும் சேர்ந்துகொண்டது. "டாக்டர், இவன் எந்நேரமும் போன்ல கேம் ஆடிக்கிட்டே இருக்கான்."

2/
2025 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். ஒரு அம்மா, ஒரு பாட்டி, நடுவில் ஒன்பதாவது படிக்கிற பையன். அம்மா உட்காரக்கூட இல்லை. போனை என் மேஜை மேல் பட்டென்று வைத்தார்.

"இவனுக்கு கேம் அடிக்ஷன் சார். ஸ்கூல்ல டாக்டர் லெட்டர் கேக்கறாங்க. அடிக்ஷன்னு எழுதி சீல் வெச்சுக் குடுங்க. இல்லன்னா டிசி வாங்கிக்கச் சொல்றாங்க."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். வெளியே எட்டு பேர் காத்திருந்தார்கள். லெட்டர் எழுத ரெண்டு நிமிஷம் போதும்.

நான் எழுதவில்லை. ஏன் என்று சொல்ல, மூணு வருஷம் பின்னால் போகணும்.

3/
2021 கடைசி. பள்ளிகள் அப்போதுதான் திறந்திருந்தன. ஒரு ஆட்டோ டிரைவர் தன் 13 வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆன்லைன் கிளாஸுக்காகக் கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த போன். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃப்ரீ ஃபயர் ஆடறான் சார். சாப்பாடு இல்ல. யார்கிட்டயும் பேச்சு இல்ல. கேட்டா கத்தறான்."

நான் பையனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்டா ஆடற?" "ஆறு மணி நேரம்" என்றான். அவ்வளவுதான், எனக்குப் போதுமானதாக இருந்தது.

"இது கேம் அடிக்ஷன். குடி மாதிரிதான். போனை வாங்கிப் பூட்டி வைங்க. பத்து நாள் கத்துவான், அப்புறம் சரியாயிடும்." மொத்தம் மூணு நிமிஷம்.

4/
பத்து நாள் ஆகவில்லை. நாலாவது நாள் ராத்திரி பையன் வீட்டில் இல்லை.

விடியற்காலையில் அடி அண்ணாமலை கோயில் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். ராத்திரி முழுக்க கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறான். ஏன் நடந்தாய், எங்கே போக இருந்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. அவன் அப்பா அதைச் சொல்லும்போது என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

5/
அதற்கப்புறம்தான் அவனிடம் உட்கார்ந்து பேசினேன். இரண்டாம் அலையில் அவனுடைய தாத்தா இறந்துபோயிருக்கிறார். அவன் படுத்துத் தூங்கியது தாத்தா பக்கத்தில்தான். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. அதிலிருந்து தூக்கம் வரவில்லை. ராத்திரி சென்னையில் இருக்கும் மாமா பையனோடு கேமில் சேர்ந்துகொள்வான். ஆடுவதைவிட ஹெட்போனில் பேசுவதுதான் அதிகம். வீட்டில் யாரும் தாத்தாவைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மாமா பையன் பேசுவான்.

அவனுக்கு இருந்தது மனச்சோர்வு. கேம் அவன் பிடித்துக்கொண்டிருந்த கயிறு. நான் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு, அதற்கு ஃபீஸும் வாங்கியிருந்தேன்.

அவன் இப்போது நன்றாக இருக்கிறான். மனநலப் பிரிவில் முறையா சிகிச்சை எடுத்தான். ஆனால் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை, ஒரு டீக்கடைக்காரர். அதை நான் மறப்பதில்லை.

6/
அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் இந்த நோயைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

முதலில் ஒன்று. இது கற்பனை நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் 'கேமிங் டிஸ்ஆர்டர்' இருக்கிறது. 2019 மே மாதம் அந்தப் பட்டியலை உலக சுகாதார சபை ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5 அதற்கு முன்பே, 2013-இல், 'இன்னும் ஆய்வு தேவை' என்ற பகுதியில் இதைச் சேர்த்திருந்தது. அதில் ஒன்பது அறிகுறிகள். ஒரு வருஷத்துக்குள் ஐந்தாவது இருக்க வேண்டும்.

ரெண்டாவது, உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது: கேம் ஆடுகிறவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் இது நோயாகிறது. ஆடுகிற எல்லாப் பிள்ளையும் நோயாளி இல்லை.

7/
ஐசிடி-11 கேட்பது மூணே விஷயம்.

ஒன்று: கட்டுப்பாடு போய்விட்டதா? எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பது அவன் கையில் இல்லையா?

ரெண்டு: மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி கேம் முதலிடத்துக்கு வந்துவிட்டதா? சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், முன்பு ஆசையாகச் செய்த காரியங்கள் எல்லாம் விட்டுப்போனதா?

மூணு: கெடுதல் நடக்கிறது என்று அவனுக்கே தெரிந்தும் தொடர்கிறானா?

இந்த மூணும் சேர்ந்து இருக்கணும். அதனால் படிப்போ குடும்பமோ நட்போ பெரிய அளவில் பாதிக்கப்பட்டிருக்கணும். சாதாரணமாக 12 மாதம் நீடித்திருக்கணும். மிகக் கடுமையாக இருந்தால் மட்டும் அந்தக் காலம் குறையலாம்.

இதில் 'எத்தனை மணி நேரம்' என்ற எண் எங்கேயுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2021-இல் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

8/
இப்போ 2025-க்குத் திரும்பி வருவோம். வெளியே காத்திருந்தவர்களிடம் "அரை மணி நேரம் ஆகும், கோச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று அம்மாவிடம் கேட்டேன். "ரொம்ப நாளா சார்" என்றார். எந்த அம்மாவும் சொல்லும் பதில். இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பாட்டிதான் குறுக்கே வந்தார். "பதிமூணு பௌர்ணமி ஆச்சுய்யா."

அவர்களுக்குக் கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை. பௌர்ணமிக்கு சுக்கு காபி, தண்ணி பாட்டில், பிஸ்கட். ராத்திரி முழுக்க வியாபாரம். ஆறாவது படிக்கும்போதிலிருந்து சில்லறை கணக்கு இந்தப் பையன்தான். "கையில பேப்பர் பேனா இல்லாம நாலு பேர் கணக்க ஒண்ணா சொல்லுவான். 2023 தீபத்துக்குக்கூட விடிய விடிய நின்னான். அதுக்கு அடுத்த பௌர்ணமிக்கு வரல. அப்புறம் ஒரு பௌர்ணமிக்கும் வரல."

9/
எனக்கு ஒரு டாக்டர் இதைவிடத் துல்லியமாக கேஸ் ஹிஸ்டரி கொடுத்ததில்லை. எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்துவிட்டது. 12 மாதக் கணக்கும் தாண்டிவிட்டது. அதைவிட முக்கியம், அவன் எதை விட்டான் என்று தெரிந்துவிட்டது. அவனுக்குப் பிடித்த, அவன் கெட்டிக்காரன் என்று ஊர் பார்த்த ஒரே இடத்தை விட்டிருக்கிறான்.

அதே பாட்டி இன்னொரு கேள்வியும் கேட்டார். "ஏன்யா, மதுரையிலிருந்து ஒரு பையன் படிப்ப உட்டுட்டு இங்க வந்து குந்தினாரு. சோறு தண்ணி பாக்கல. அவர ஊரே கும்புடுது. என் பேரன் குந்தினா வியாதின்றீங்களே?"

ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்! 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து இறங்கிய வெங்கட்ராமனுக்கு அப்போது 16 வயசு.

10/
ரமணரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் கேள்வி சரியான கேள்வி. ஒன்றிலேயே மூழ்கிக் கிடப்பது மட்டும் வியாதி ஆகாது. 2024 டிசம்பரில் 18 வயசில் உலக செஸ் சாம்பியன் ஆன நம்ம குகேஷும் சின்ன வயசிலிருந்து தினம் மணிக்கணக்கில் பலகை முன்னால் உட்கார்ந்தவர்தான். யாரும் அவரை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அதனால் பாட்டியிடம் நான் சொன்னது இதுதான்: "எவ்ளோ நேரம் உக்காந்தான்னு நான் பாக்கல பாட்டி. அவனா நினைச்சா எழுந்திரிக்க முடியுதா, அதத்தான் பாக்கறேன்."

"அத அவங்கிட்டயே கேளு" என்றார். ரெண்டு பேரையும் வெளியே உட்காரச் சொன்னேன்.

பெற்றோர் கவனத்துக்கு: டாக்டர் உங்களை வெளியே போகச் சொன்னால் தயவுசெய்து போங்க. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

11/
பையனிடம் முதலில் கேம் பற்றித்தான் கேட்டேன். எந்த மேப், எந்தத் துப்பாக்கி, ஸ்குவாடில் யார் யார். இப்போது எனக்கு இதெல்லாம் கொஞ்சம் தெரியும். தெரிந்துகொள்ளணும். ஏன் என்றால், இந்த மாதிரி கேமில் நடுவில் நிறுத்தி வைக்கிற வசதி கிடையாது. மேட்ச் ஆரம்பித்தால் முடியும் வரை இருக்கணும். நடுவில் எழுந்தால் கூட ஆடுகிற மூணு பேரும் தோற்பார்கள். "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டதும் வராதது மட்டுமே கட்டுப்பாடு போனதற்கு அடையாளம் இல்லை. அந்த மேட்ச் முடிந்ததும் வருகிறானா என்பதுதான் கேள்வி.

"மேட்ச் முடிஞ்சதும் வெச்சிடுவியா?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். "வெச்சிடணும்னுதான் நினைப்பேன் சார். கை அடுத்த மேட்ச்ச அமுக்கிடும்."

12/
"பௌர்ணமி அன்னிக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். இந்த ஏரியா ஆட்களுக்குத் தெரியும். பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது இங்கே நெட்வொர்க் திணறும்.

"கேம் கட் ஆயிக்கிட்டே இருக்கும் சார். அன்னிக்கு ராத்திரி எனக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்கும். ஒரு தடவ சிக்னல் கிடைக்குதான்னு நடந்தே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்." அம்மாவும் பாட்டியும் கடையில் நிற்கும் அதே ராத்திரியில்.

கல்லாப்பெட்டியிலிருந்து பணம் எடுத்து கேமில் டைமண்ட் வாங்கியதையும் அவனேதான் சொன்னான். அழுதான். "எடுக்கக்கூடாதுன்னு தெரியும் சார். ரெண்டு தடவ கேமையே டெலீட் பண்ணிட்டேன். ராத்திரியே திரும்ப ஏத்திட்டேன்." பள்ளிக்கூடம் அந்த வருஷம் பாதி நாள்கூடப் போகவில்லை.

மூணு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இந்தத் தடவை நோய் நிஜம்தான் என்று எனக்குத் தோன்றியது.

13/
ஆனால் 2021 பாடம் இருக்கிறதே. இதற்கு அடியில் வேறு என்ன இருக்கிறது?

"கேம்ல என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். "அங்க நான்தான் சார் லீடர். நான் சொன்னா எல்லாரும் கேப்பாங்க." "கிளாஸ்ல?" பதில் இல்லை.

மேஜையில் இருந்த தமிழ் தினசரியைக் கொடுத்துத் தலைப்பைப் படிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கூட்டினான். பாதி வார்த்தையை ஊகித்துச் சொன்னான். நெற்றியில் வேர்த்துவிட்டது. நாலு பேர் கணக்கை மனசிலேயே போடுகிற பையன், ஒன்பதாம் வகுப்பில், ஒரு தலைப்பைப் படிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

எட்டாவதில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பே சிரித்திருக்கிறது. அது 2023 கார்த்திகை. அந்தத் தீபம்தான் அவன் கடையில் நின்ற கடைசி ராத்திரி. கூடப் படிக்கிற பசங்களும் கிரிவலம் வந்து அவன் கடையில் காபி வாங்குவார்கள் இல்லையா? அன்றைக்கு அங்கேயும் வந்து சிரித்திருக்கிறார்கள்.

14/
அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "நீங்க சொன்னது பொய் இல்லம்மா. எனக்கும் இது கேம் நோய்னுதான் தோணுது. ஆனா அத உறுதிப்படுத்த வேண்டியது மனநல டாக்டர். இவனுக்குப் படிக்கறதுல ஒரு குறைபாடு இருக்கலாம், அதையும் டெஸ்ட் பண்ணணும். 'அடிக்ட்'னு மட்டும் எழுதி ஸ்கூலுக்குக் குடுத்தா, அந்த லெட்டர் இவனுக்கு வைத்தியம் பண்ணாது. இவன வெளிய அனுப்பத்தான் உதவும்."

பள்ளிக்கு நான் எழுதியது மூணு வரி. மாணவருக்கு ஒரு உடல்நலப் பிரச்சினைக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, கற்றல் திறன் மதிப்பீடும் தேவைப்படுகிறது, அதுவரை அவகாசம் கொடுங்கள். அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எழுதிய கடிதம் ரெண்டு பக்கம்.

15/
மனநல மருத்துவர் பல தடவை பார்த்துவிட்டு ரெண்டையும் உறுதி செய்தார். கேமிங் டிஸ்ஆர்டரும் இருந்தது, டிஸ்லெக்ஸியாவும் இருந்தது. ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் மற்றது அதைத் திரும்பத் திரும்ப இழுத்து வந்திருக்கும்.

கேமிங் டிஸ்ஆர்டருக்கு என்று தனியா மாத்திரை கிடையாது. பேச்சு சிகிச்சை, குடும்பத்தாருக்கு ஆலோசனை, தூக்கத்தைச் சரிசெய்வது, கூட மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருந்தால் அதற்கு வைத்தியம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட் கிளினிக்' நடக்கிறது. நம் ஊரில் அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவில் இதைக் காட்டலாம்.

இவன் வீட்டில் முதலில் செய்தது ஒன்றே ஒன்று. ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் சார்ஜுக்கு சமையல்கட்டுக்குப் போய்விடும். அம்மா போனும்தான். போனைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. பகலில் ஆடினான். தூக்கம் திரும்பி வர மூணு வாரம் ஆனது.

16/
எதிர்ப்பக்கம் ஒரு உதாரணமும் சொல்லணும். இந்த வருஷம் ஒரு பதினொன்றாவது பையன். லீவில் தினம் அஞ்சு மணி நேரம் ஆடுகிறான் என்று அப்பா கொந்தளித்து வந்தார். விசாரித்தால் காலையில் கிரவுண்டுக்குப் போகிறான். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் அவனே கேமைத் தூக்கினான். மார்க் சுமார், ஆனால் விழவில்லை. நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

"சார், இவனுக்கு வியாதி இல்ல. உங்களுக்கும் இவனுக்கும் சண்டை. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்றேன். அப்பா ஏமாற்றமாகப் போனார். பையன் வாசலில் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான்.

நோய் இருப்பதைக் கண்டுபிடிப்பது போலவே, இல்லை என்று தைரியமாகச் சொல்வதும் டாக்டர் வேலைதான்.

17/
"கேமையே தடை பண்ணிட்டா?" என்று கேட்பீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. அதற்காகத் தடைக்கு மறுநாள் எந்தப் பிள்ளையும் குணமாகி என் கிளினிக்குக்கு வரவில்லை. வேறு கேம் இறக்கிக்கொண்டார்கள். சீனாவில் 2021-இல் பதினெட்டு வயசுக்குக் கீழே வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை என்று சட்டமே போட்டார்கள். சட்டம் நேரத்தைக் குறைக்கலாம். பையன் ஏன் அங்கே போய் ஒளிந்தான் என்று சட்டம் கேட்காது.

பணம் கட்டி ஆடும் ரம்மி வேறு கதை. அது சூதாட்டம் சம்பந்தப்பட்ட பிரச்சினை. இந்த த்ரெட்டில் அதைக் கலக்கவில்லை.

18/
உங்கள் பிள்ளையைப் பற்றி சந்தேகம் இருந்தால் மணிக்கணக்கை விடுங்கள். இதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

போன வருஷம் இதே மாதம் அவன் ஆசையாகச் செய்த மூணு காரியம் என்ன? அதில் இப்போ எத்தனை பாக்கி?

நிறுத்தணும் என்று அவனே முயற்சி செய்து தோற்றிருக்கிறானா?

பொய், பணம், தூக்கம். இதில் எது புதுசு?

கேமுக்கு முன்னாடி என்ன நடந்தது? யாராவது இறந்தார்களா, பள்ளி மாறியதா, யாராவது அடித்தார்களா, சிரித்தார்களா, வீட்டில் சண்டையா?

அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்க. போனைத் தூக்கிக்கொண்டு போவதைவிட அது பிரயோஜனம்.

பிள்ளை "செத்துடுவேன்" என்று ஒரு தடவை சொன்னாலும் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்க. ராத்திரியில் என்ன செய்வது என்று தெரியவில்லையா? 14416. டெலி மானஸ். 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம்.

19/
கடைசியா அந்தப் பையன்.

மாசி பௌர்ணமிக்கு மறுநாள் அம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி டம்ளர் கழுவும் சத்தம். "சார், நேத்து அவனா வந்து கடையில நின்னான். ரெண்டு மணி நேரம். கணக்கு எல்லாம் சரியா சொன்னான். அப்புறம் அவன் கிளாஸ் பசங்க தூரத்துல வர்றத பாத்துட்டு வீட்டுக்குப் போய்ட்டான். போய் கேம் ஆடினான். திட்டட்டுமா சார்?"

"வேணாம்மா. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு சாப்பாட்டுல ஒரு முட்டை சேத்துப் போடுங்க" என்றேன்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. இன்னும் ஆடுகிறான். குறைந்திருக்கிறது. ஒரு பௌர்ணமிக்கு வருகிறான், ஒரு பௌர்ணமிக்கு வருவதில்லை. பத்தாவது பரீட்சையில் டிஸ்லெக்ஸியா மாணவர்களுக்கான சலுகைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பாட்டி மட்டும் வழக்கம்போல எண்ணிக்கொண்டே இருக்கிறார். இப்போது அவன் வந்த பௌர்ணமிகளை எண்ணுகிறார்.

யாருக்காவது உதவும் என்றால் பகிருங்கள். 🙏